பெயர்ப் பட்டியல் வந்தால் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கிற கேள்விகள்

எங்கள் வீட்டு முன்னறையில் புதன்கிழமை சாயங்காலம் ஒரு வேதபாட வகுப்பு நடக்கிறது. பன்னிரண்டு பேர், மழை பெய்தால் ஐந்து பேர். ஆதியாகமத்தில் தொடங்கி வரிசையாக வாசிக்கிறோம் என்பதால், மற்ற இடங்களில் யாரும் தொடாத பெயர்ப் பட்டியல்களையும் எங்களால் தாண்ட முடியவில்லை. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. வருகிறவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, நான் சொன்ன பதில்களைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே வைத்திருக்கிறேன். மேற்கோள்கள் நம் சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

அக்கா, பேர் பட்டியல் வந்தா தாண்டிப் போயிட்டா பாவமா?

பாவமெல்லாம் இல்லை. நானே பல வருஷம் தாண்டியவள்தான். 1 நாளாகமத்தில் முதல் ஒன்பது அதிகாரமும் பெயர்கள். எண்ணாகமம் 1, 26, எஸ்றா 2, நெகேமியா 3, 7, 11, 12, மத்தேயு 1, லூக்கா 3, ரோமர் 16 என்று சேர்த்துப் பார்த்தால், தாண்டுகிறவர் தாண்டும் பக்கங்கள் கொஞ்சநஞ்சமல்ல.

நான் சொல்வது ஒன்றுதான். பட்டியலை ஒரே ஓட்டமாக ஓட்டாமல், அதன் நடை எங்கே தடுக்குகிறது என்று பாருங்கள். "இன்னான் இன்னானைப் பெற்றான்" என்று தாளம் தப்பாமல் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று ஒரு வரி கூடுதலாக நிற்கும். ஒரு தொழில், ஒரு ஊர், ஒரு பெண், ஒரு புகார். எழுதியவர் அங்கே நின்றிருக்கிறார், நாமும் நிற்கலாம். கீழே வரும் பதில்களில் பெரும்பாலும் அந்த மாதிரி இடங்களைத்தான் காட்டப்போகிறேன்.

அந்தக் காலத்துல தோல்லயும் நாணல்தாள்லயும் எழுதறதே செலவு. இத்தனை பேரை எதுக்கு மெனக்கெட்டு எழுதினாங்க?

செலவு செய்து எழுதினார்கள் என்றால் தேவை இருந்தது என்று அர்த்தம். எண்ணாகமம் 26-இல் 6,01,730 பேரை எண்ணி முடித்தவுடன் வரும் கட்டளையைப் பாருங்கள்: பேர்களின் இலக்கத்துக்குத் தக்கதாய்த் தேசம் பங்கிடப்படவேண்டும். அந்தப் பட்டியல் நிலத்துக்கான ஆவணம். நம் ஊரில் பட்டா, சிட்டாவை யாரும் இலக்கியச் சுவைக்காக வாசிப்பதில்லை; ஆனால் நம் பெயர் அதில் விட்டுப்போனால் தாலுகா அலுவலகத்துக்கு எத்தனை நடை நடப்போம்!

நாளாகமம், எஸ்றா, நெகேமியாவின் பட்டியல்களுக்கு இன்னொரு தேவை. கி.மு. 586-இல் எருசலேம் இடிந்து, ஜனங்கள் பாபிலோனுக்குப் போய், கி.மு. 538-இல் பெர்சிய ராஜா கோரேஸ் திரும்பிப் போகலாம் என்று உத்தரவு கொடுத்தபிறகு வந்தவர்களுக்காக எழுதப்பட்டவை அவை. அரண்மனை இல்லை, அரசன் இல்லை, பழைய ஆலயமும் இல்லை. மிச்சம் இருந்தது "நான் இன்னார் பேரன்" என்று சொல்ல ஒரு பெயர்.

அப்போ 1 நாளாகமத்திலிருந்தே ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். மூன்றாம் நாளே விட்டுவிடுவீர்கள். ரோமர் 16-இல் தொடங்குங்கள், அடுத்து நெகேமியா 3, பிறகு மத்தேயு 1. நாளாகமம் கடைசியில்.

ரோமர் 16 வெறும் "வாழ்த்துங்கள், வாழ்த்துங்கள்"தானே? அதுல பாடம் என்ன இருக்கு?

ரோமர், அப்போஸ்தலன் பவுல் ரோமாபுரியின் சபைக்கு எழுதிய கடிதம். அதைக் கொரிந்துவிலிருந்து கி.பி. 57-ஐ ஒட்டி எழுதினார். அதுவரை அவர் ரோமாபுரிக்குப் போனதே இல்லை. போகாத ஊரில் 24 பேரைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். பெயர் சொல்லாமல் இன்னும் இரண்டு பேர். எப்படித் தெரியும்? அவர்களில் பலர் வேறு ஊர்களில் அவரோடு இருந்தவர்கள். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும், ரோமப் பேரரசன் கிலவுதியு ராயன் யூதரை ரோமாபுரியை விட்டுப் போகச் சொன்னபோது கொரிந்துவுக்கு வந்து, பவுலோடு கூடாரம் தைத்தவர்கள். ராயன் இறந்தபின் வீடு திரும்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு பயணம் இருக்கிறது.

இனி பெயர்களைப் பாருங்கள். பெர்சியாள் என்றால் பெர்சியாக்காரி. சந்தையில் வாங்கிய அடிமைக்கு ஊர்ப்பெயரையே பெயராக வைப்பது அன்று வழக்கம். அம்பிலியா, எர்மே, பிலெகோன் எல்லாம் அடிமைகளுக்கும் விடுதலை பெற்ற அடிமைகளுக்கும் சாதாரணமாக இருந்த பெயர்கள். 22-ஆம் வசனத்தில், பவுல் சொல்லச் சொல்லக் கடிதத்தை எழுதிய கை நடுவே எட்டிப்பார்க்கிறது: "இந்த நிருபத்தை எழுதின தெர்தியுவாகிய நான்". தெர்தியு என்றால் லத்தீனில் மூன்றாமவன். அடுத்த வசனத்தில் வரும் குவர்த்து, நான்காமவன். அதே வசனத்தில் பட்டணத்து உக்கிராணக்காரன் ஏரஸ்தும் நிற்கிறார். ஊர்ப் பணத்துக்குப் பொறுப்பான அதிகாரியும் எண்ணையே பெயராகக் கொண்டவனும் ஒரே வசனத்தில். கடிதம் வந்து சேர்ந்த நாளில் ரோமாபுரியில் ஏதோ ஒரு வீட்டில் இது சத்தமாக வாசிக்கப்பட்டிருக்கும். தன் பெயர் வரும்போது பெர்சியாள் தலை நிமிர்ந்திருப்பாளா, குனிந்திருப்பாளா என்று எங்கள் வகுப்பில் அரைமணி நேரம் விவாதம் நடந்தது.

10-ஆம் வசனத்தையும் கவனியுங்கள். "அரிஸ்தொபூலுவின் வீட்டாரை வாழ்த்துங்கள்." அரிஸ்தொபூலுவுக்கு வாழ்த்து இல்லை. எசமான் சபையில் இல்லை போலும். வீட்டு வேலையாட்கள் இருந்தார்கள்.

"பிரயாசப்பட்ட"ன்னு திரும்பத் திரும்ப வருதே, யாரைப் பத்தி?

இதைக் கேட்டது கல்லூரிக்குப் போகும் ஒரு பெண். எண்ணிப் பார்த்துவிட்டு வந்துதான் கேட்டாள். அந்தச் சொல் ரோமர் 16-இல் நான்கு பேருக்குச் சொல்லப்படுகிறது: மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள். நான்கு பேரும் பெண்கள். பவுல் தன் சொந்த ஊழியத்தைச் சொல்லும்போதும் இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார் (1 கொரிந்தியர் 15:10, "நான் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன்"). கிரேக்கத்திலும் ஒரே சொல்தான். உடம்பு அலுத்துப்போகும் அளவு பாடுபடுவது என்று பொருள்.

ஒரு சிறிய வேடிக்கை. திரிபேனாள், திரிபோசாள் என்ற இரண்டு பெயர்களும் சொகுசு, மென்மை என்ற பொருள் தரும் கிரேக்க வேரிலிருந்து வந்தவை. சொகுசுக்காரிகள் இருவரும் பாடுபடுகிறார்கள் என்று சொல்லும்போது பவுல் கொஞ்சம் சிரித்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

யூனியா ஆணா பெண்ணா? எங்க போதகர் ஆண்னு சொல்றார்.

ரோமர் 16:7-இல் பவுல் வாழ்த்துகிறவர் இந்த யூனியா. தமிழ் வேதாகமத்தை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் உங்கள் போதகரைக் குறை சொல்ல முடியாது. நம் பழைய மொழிபெயர்ப்பு பெண்பெயர்களுக்கு "ஆள்" சேர்த்துவிடும்: மரியாள், பெர்சியாள், பிரிஸ்கில்லாள். 15-ஆம் வசனத்தில் யூலியா கூட யூலியாள் ஆகிவிட்டாள். ஆனால் 7-ஆம் வசனத்தில் யூனியா, யூனியாவாகவே நிற்கிறார், ஆக்கில்லாவைப் போல. ஒரே பக்கத்தில் ஒரு எழுத்து வித்தியாசம். தமிழ் வாசகர் காதில் ஒருவர் பெண், மற்றவர் ஆண்.

யூனியா என்பது ரோமாபுரியில் மிகச் சாதாரணமான பெண்பெயர். "யூனியாஸ்" என்று ஆண்பெயராக இருந்திருக்கலாம் என்று சொல்கிறவர்களால் பழைய கல்வெட்டுகளிலிருந்து ஓர் உதாரணம் காட்ட முடியவில்லை. நான்காம் நூற்றாண்டில் கிரேக்கமே பேசிய பிரசங்கியார் யோவான் கிறிசோஸ்தோம், பெண்கள் எல்லாரும் பேசும்படி அனுமதிக்கிறவர் அல்ல, அவரே யூனியாவைப் பெண்ணாக வைத்துத்தான் புகழ்கிறார். "அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர்கள்" என்பதற்கு அவரும் அப்போஸ்தலர் என்று பொருளா, அப்போஸ்தலருக்கு நன்கு தெரிந்தவர் என்று பொருளா என்பதில் இன்றும் வாதம் உண்டு. பெண் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பவுல்தானே பெண்கள் சபையில பேசக்கூடாதுன்னு எழுதினவர்? இந்தப் பட்டியலோட அது எப்படி ஒட்டும்?

எளிதாக ஒட்டாது. ஒட்டவைக்க அவசரப்பட வேண்டாம் என்பதுதான் என் பதில். 1 கொரிந்தியர் 14-ஐ வாசிக்கிறவர் ரோமர் 16-ஐயும் வாசிக்கவேண்டும். அந்த அதிகாரம் தொடங்குவதே கெங்கிரேயா சபையின் பெபேயாளில். "ஊழியக்காரி" என்று அங்கே வரும் சொல்லுக்கு மூலத்தில் உள்ள அதே சொல், பிலிப்பியர் 1:1-இலும் 1 தீமோத்தேயு 3-இலும் ஆண்களோடு வரும்போது நம் மொழிபெயர்ப்பில் "உதவிக்காரர்" என்ற பதவிப்பெயர் ஆகிவிடுகிறது. பெபேயாள் ரோமாபுரிக்குப் போகிறாள், அவளை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பவுல் எழுதுவதிலிருந்து, அந்தக் கடிதத்தையே கொண்டுபோனவள் அவள்தான் என்பது பெரும்பாலோர் கருத்து. ரோமர் நிருபத்தை வைத்து எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறோம். கடலைத் தாண்டி அதைச் சுமந்துபோன பைக்காரி பெயரை எத்தனை பேர் சொன்னார்கள்?

ஒவ்வொரு பேருக்கும் அர்த்தம் பார்த்து, அதுல ரகசியச் செய்தி இருக்குன்னு ஒருத்தர் வாட்ஸாப்பில் அனுப்பினார். உண்மையா?

ஆதியாகமம் 5-இன் பத்துப் பெயர்களை மொழிபெயர்த்து ஒரு வாக்கியமாகக் கோக்கும் செய்திதானே? எனக்கும் வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறது. அதில் பாதிப் பெயர்களின் பொருள் இழுத்துப்பிடித்துச் சொன்னது. பெயரின் பொருள் முக்கியம் என்றால் வேதாகமமே சொல்லிவிடும். யாபேசைப் பற்றி, துக்கத்தோடே பெற்றேன் என்று சொல்லி அவன் தாய் பெயரிட்டாள் என்று 1 நாளாகமம் 4:9 தானே விளக்குகிறது. அங்கே பார்க்கலாம். சொல்லாத இடத்தில் தோண்டினால் நாம் புதைத்ததைத்தான் எடுப்போம்.

யாபேஸ் ஜெபம் பிரபலமானது எனக்குக் கொஞ்சம் வருத்தமும்கூட. அதே அதிகாரத்தில், பத்துப் பன்னிரண்டு வசனம் தள்ளி, மெல்லிய புடவை நெய்த வீட்டு வம்சம் வருகிறது. அவர்களுக்குப் பின் ராஜாவின் வேலைக்காக அங்கேயே குடியிருந்த குயவர்கள் வருகிறார்கள். எல்லையைப் பெரிதாக்கும்படி கேட்ட யாபேசுக்கு நாட்காட்டி அடிக்கிறோம். நெசவுக்காரரும் குயவரும் ஒன்றும் கேட்கவில்லை, அதனால் பிரசங்கமும் இல்லை.

நெகேமியா 3-ஐ சபையில வாசிச்சா எல்லாரும் தூங்கறாங்க சிஸ்டர். அதுல அப்படி என்ன?

இடிந்த எருசலேம் மதிலை நெகேமியாவின் தலைமையில் யார் யார் எந்தப் பங்கைக் கட்டினார்கள் என்ற பட்டியல் அது. எங்கள் வகுப்பு விழித்துக்கொண்டதே அந்த அதிகாரத்தில்தான். காரணம் நான் இல்லை. வகுப்புக்கு வருகிற ஒரு கொத்தனார். அவர் அதிகம் பேசமாட்டார், கடைசி நாற்காலியில் உட்காருவார். அன்று "அவன் அருகே... அவர்கள் அருகே..." என்று நான் வாசித்துக்கொண்டே போக, அவர் கையைத் தூக்கி, "இது கான்ட்ராக்ட் பிரிச்சுவிட்ட கணக்கு" என்றார். பிறகு என் நோட்டை வாங்கி, ஒரு வட்டம் போட்டு, வாசல் வாசலாகக் குறித்தார். ஆட்டுவாசலில் தொடங்கி, மீன்வாசல், பழையவாசல், பள்ளத்தாக்கின் வாசல், குப்பைமேட்டு வாசல், ஊருணிவாசல் என்று சுற்றிவந்து மறுபடி ஆட்டுவாசலில் முடிகிறது. பெயர்ப் பட்டியல் என்று நாங்கள் நினைத்தது ஊரைச் சுற்றி நடக்கும் நடை. "ரெண்டு பேர் கட்டின சுவர் சேர்ற இடத்துலதான் விரிசல் விடும். அதான் யார் பக்கத்துல யார்னு எழுதிவச்சிருக்கான்" என்றார். அதை நான் எந்த விளக்கவுரையிலும் பார்த்ததில்லை. சரியா என்று நிரூபிக்கவும் முடியாது. ஆனால் 52 நாளில் முடிந்த வேலை அது (6:15). விரிசல் எங்கே விடும் என்று தெரிந்தவர் யாரோ அதை மேற்பார்த்திருக்க வேண்டும்.

அந்த வட்டத்தில் நிற்கிறவர்களைப் பாருங்கள். பிரதான ஆசாரியன் எலியாசீப் முதல் ஆள். எட்டாம் வசனத்தில் ஒரு தட்டான், அவன் பக்கத்தில் ஒரு தைலக்காரன். தங்கத்தையும் வாசனைத் தைலத்தையும் தொட்ட கைகளில் சுண்ணமும் கல்லும். கடைசி வசனத்தில் தட்டாரும் மளிகைக்காரரும். குப்பைமேட்டு வாசலைக் கட்டியவன் மல்கியா. அவன் பெத்கேரேம் சீமையின் பிரபு. பிரபுவுக்குக் கிடைத்த பங்கு ஊர்க்குப்பை வெளியே போகும் வாசல், அதற்குக் கதவும் தாழ்ப்பாளும் போட்டான் என்று எழுதியிருக்கிறது. பலர் "தன் வீட்டுக்கு எதிரே" கட்டினார்கள். அதுவும் கொத்தனாருக்குப் பிடித்தது: "வீட்டுக்காரன் நிக்கற இடத்துல கலவை குறையாது."

ஐந்தாம் வசனத்தில் பட்டியல் முகம் சுளிக்கிறது. தெக்கோவா ஊரார் கட்டினார்கள், "ஆனாலும் அவர்களுடைய பிரபுக்கள் தங்கள் ஆண்டவருடைய வேலைக்குத் தங்கள் கழுத்தைக் கொடுக்கவில்லை." நுகத்துக்கு முரண்டுபிடிக்கும் மாட்டின் கழுத்து அது. தெக்கோவா, ஆமோஸ் தீர்க்கதரிசியின் ஊர், எருசலேமுக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டர். பெரியவர்கள் வராததால் வேலை நிற்கவில்லை. 27-ஆம் வசனத்தில் அதே தெக்கோவா ஊரார் இரண்டாவது பங்கையும் கட்டுகிறார்கள். ரோமர் 16:4-இல் பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் "தங்கள் கழுத்தைக் கொடுத்தவர்கள்" என்று வருவதையும் சேர்த்து வாசியுங்கள். அங்கே கழுத்துக்கு மேல் நிற்பது வாள். பொருள் வேறு, ஆனால் தமிழில் இரண்டும் ஒரே சொற்றொடரில் விழுந்திருப்பது நமக்குக் கிடைத்த கொசுறு.

"சல்லூமும் அவன் குமாரத்திகளும்"னு இருக்கே, நிஜமாவே பெண்கள் சுவர் கட்டினாங்களா?

கட்டினார்கள் என்றுதான் நெகேமியா 3:12 சொல்கிறது. சல்லூம் எருசலேம் பட்டணத்தில் பாதிக்குப் பிரபு. "குமாரத்திகள்" என்ற எபிரெயச் சொல் ஒரு பட்டணத்தைச் சேர்ந்த கிராமங்களையும் குறிக்கும், அதனால் இது கிராமத்தார் என்று சிலர் மாற்றிச் சொல்வதுண்டு. பெண்கள் கல் சுமந்ததை நம்ப முடியாமல் வந்த விளக்கம் அது என்பது என் எண்ணம். கொத்தனாரிடம் கேட்டேன். "எந்த சைட்டுல அக்கா பொம்பளைங்க இல்லாம வேலை நடக்குது?" என்றார்.

சுவர் கட்டினவங்க எல்லாரும் நல்லவங்கதானா?

பட்டியல் நற்சான்றிதழ் அல்ல. பெரகியாவின் குமாரன் மெசுல்லாம் இரண்டு இடத்தில் கட்டியிருக்கிறார் (3:4, 3:30). நெகேமியாவின் பகைவன் தொபியாவின் மகனுக்குத் தன் பெண்ணைக் கொடுத்தவரும் அவர்தான் (6:18). கல்லைத் தூக்கிக்கொண்டிருக்கும்போதே சம்பந்தி வீட்டிலிருந்து என்ன சொல்லி அனுப்பினார்களோ.

எஸ்றா 2-லயும் நெகேமியா 7-லயும் ஒரே பட்டியல், ஆனா எண்கள் வேற வேற. அப்போ எதை நம்பறது?

இதைக் கேட்டவர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கால்குலேட்டரோடு வந்திருந்தார். பாபிலோனிலிருந்து திரும்பி வந்தவர்களின் பட்டியல் அது. அவர் கண்டுபிடித்தது சரி. ஆராகின் வம்சத்தார் எஸ்றாவில் 775, நெகேமியாவில் 652. பாடகர் அங்கே 200, இங்கே 245. தனித்தனி எண்களைக் கூட்டினால் எஸ்றாவில் 29,818, நெகேமியாவில் 31,089. இரண்டு புத்தகமும் மொத்தம் 42,360 என்கின்றன.

பெண்களையோ சிறுவரையோ சேர்த்து மொத்தம் போட்டார்கள், பிரதி எடுத்தவர் எண்ணைத் தவறாகப் படித்தார், இரண்டு பட்டியலும் வெவ்வேறு நாளில் எடுத்தவை என்று பல விளக்கங்கள் உண்டு. பிரதி எடுப்பதில் வந்த பிழைதான் பெரும்பங்கு என்று நினைக்கிறேன். எனக்கு இதில் பிடித்தது வேறு: இரண்டையும் வைத்துக்கொண்டவர்கள் யாரும் ஒன்றைத் திருத்தி மற்றதோடு ஒப்பாக்கவில்லை. வங்கிக்காரருக்கு இந்தப் பதில் இன்னும் திருப்தியில்லை.

பேர் கிடைக்காம போனவங்க கதி என்ன?

எஸ்றா 2:61-62-இல் சில ஆசாரியக் குடும்பங்கள் வருகின்றன. அவர்கள் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடினார்கள், கிடைக்கவில்லை, ஊழியத்துக்கு விலக்கப்பட்டார்கள். அதில் ஒரு குடும்பம் கோசின் புத்திரர். ஒரு தாளைக் காணோம் என்பதற்காக வேலை போனது. ரேஷன் கார்டில் பெயர் விடுபட்டவருக்கு இந்த வலி புரியும்.

இப்போது மேலே பார்த்த நெகேமியா 3-க்குத் திரும்புங்கள். நான்காம் வசனத்தில் கோசின் மகனாகிய உரியாவின் குமாரன் மெரெமோத் சுவர் கட்டுகிறார். 21-ஆம் வசனத்தில் இன்னொரு பங்கும். அதே குடும்பம்தான் என்று பலரும் கருதுகிறார்கள். எஸ்றா 8:33-இல் ஆலயத்து வெள்ளியையும் பொன்னையும் நிறுத்து ஒப்புக்கொள்ளும் ஆசாரியனும் உரியாவின் குமாரன் மெரெமோத். ஒரு பட்டியலில் இடம் கிடைக்காத வீட்டுப் பெயர் வேறு இரண்டில் இருக்கிறது.

பெண்களைப் பேர் சொல்லி எழுதினது ரோமர்ல மட்டும்தானா?

இல்லை. யாத்திராகமம் 1-இல் சிப்பிராள், பூவாள் என்று இரண்டு மருத்துவச்சிகளுக்குப் பெயர் உண்டு. அவர்களை மிரட்டிய பார்வோனுக்குப் பெயர் இல்லை. எந்தப் பார்வோன் என்று அறிஞர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். நிலம் கேட்டு மோசே முன் நின்ற செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகளான மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாளின் பெயர்கள் நான்கு இடத்தில் முழுமையாக வருகின்றன. 1 நாளாகமம் 7:24-இல் சேராள் என்பவள் மூன்று ஊர்களைக் கட்டினாள். அவ்வளவுதான், ஒரே வசனம், ஆனால் மூன்று ஊர்.

மத்தேயு 1-ல தாமார், ராகாப், ரூத்துக்குப் பேர் இருக்கு. பத்சேபாளுக்கு மட்டும் ஏன் இல்ல?

இயேசுவின் வம்ச அட்டவணையில் "உரியாவின் மனைவியாயிருந்தவளிடத்தில்" என்று எழுதுகிறார் மத்தேயு. இதைப் பத்சேபாளுக்குச் செய்த அவமரியாதை என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அந்தச் சொற்களால், பத்சேபாளின் கணவனும் தாவீது ராஜா கொல்லவைத்தவனுமான உரியாவின் பெயர் (மெரெமோத்தின் தகப்பன் உரியா வேறு ஆள்), தாவீதின் வம்ச அட்டவணைக்குள்ளேயே ஏறிவிடுகிறது. மத்தேயு பெயர்களை விடத் தெரிந்தவர்தான். பதினாலு பதினாலாக வரவேண்டும் என்பதற்காக யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவே மூன்று ராஜாக்களையே விட்டிருக்கிறார். உரியாவை விடவில்லை.

இதற்கு முன்மாதிரி 2 சாமுவேல் 23. தாவீதின் பராக்கிரமசாலிகள் பட்டியல் அது. வரிசையாக வீரர்கள், கடைசிப் பெயர் "ஏத்தியனாகிய உரியா", உடனே "ஆக முப்பத்தேழுபேர்" என்று கணக்கு முடிகிறது. 1 நாளாகமம் 11-இல் இதே பட்டியல் வரும்போது உரியாவுக்குப் பிறகும் பெயர்கள் தொடர்கின்றன; சாமுவேலில் அவனோடு நிற்கிறது. இன்னொன்றும் பாருங்கள். யோவாபின் சகோதரர் அபிசாயும் ஆசகேலும் பட்டியலில் உண்டு, யோவாபின் ஆயுததாரிகூட உண்டு. படைத்தலைவன் யோவாபுக்கு இடம் இல்லை. உரியாவைப் போர்முனையில் நிறுத்திக் கொல்லச் சொன்ன கடிதத்தை வாங்கி நிறைவேற்றியவன் அவன். காரணம் இதுதான் என்று வேதம் சொல்லவில்லை. நான் பட்டியலைத்தான் காட்டுகிறேன்.

ரூபின் தாய், நேரேயின் சகோதரி... இவங்க பேரை பவுல் மறந்துட்டாரா?

ரோமர் 16-இல் பவுல் பெயர் சொல்லாமல் வாழ்த்தும் அந்த இரண்டு பேர் இவர்கள்தான். பெயர் அவருக்குத் தெரிந்திருக்கும். "எனக்கும் தாயாகிய அவனுடைய தாயையும்" என்று எழுதுகிறவருக்கு அந்த அம்மாவின் பெயர் தெரியாமலா இருக்கும்? நம் வீடுகளில் அம்மாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இந்த ரூபு, சிலுவை சுமந்த சிரேனே ஊர் சீமோனின் மகனா (மாற்கு 15:21) என்று கேட்பார்கள். இருக்கலாம். ஆனால் ரூபு என்ற பெயர் அன்று தெருவுக்கு ஒன்று.

எஸ்றா 10-லயும் பட்டியல் இருக்கே ஆன்ட்டி. என் மருமகள் வேற மதத்துலருந்து வந்தவ. அதை அவ முன்னாடி எப்படி வாசிக்கறது?

இந்தக் கேள்வி வந்த அன்று நான் உடனே பதில் சொல்லவில்லை. அடுத்த புதன்கிழமைதான் சொன்னேன், அதுவும் பாதிதான்.

எஸ்றா 10 அந்நிய ஜாதிப் பெண்களைக் கல்யாணம் செய்தவர்களின் பட்டியல். நூறுக்கு மேற்பட்ட ஆண்களின் பெயர் இருக்கிறது. அந்த மனைவிகளை அனுப்பிவிட வேண்டும் என்று முடிவானது. அனுப்பப்பட்ட பெண்களில் ஒருவர் பெயரும் இல்லை. மேலே சொன்ன எல்லாப் பட்டியலையும் நான் ஆசையாகக் காட்டினேன். இதைக் காட்டும்போது அந்த ஆசை வரவில்லை, வந்ததாக நடிக்கவும் மாட்டேன். சிதறிப்போன ஒரு சிறு கூட்டம் தன் விசுவாசத்தைக் காப்பாற்றப் பயந்துபோய் செய்த காரியம் என்று வரலாறாக விளக்கலாம். அந்தப் பயம் உண்மை. வீதியில் அடைமழையில் ஜனங்கள் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒன்பதாம் வசனம் சொல்கிறது. அந்தப் பெண்கள் எந்த மழையில் எங்கே போனார்கள் என்று எந்த வசனமும் சொல்லவில்லை.

எஸ்றா 9:1-இல் விலக்கவேண்டிய ஜாதிகளில் மோவாபியரும் இருக்கிறார்கள். மத்தேயு 1-இல் ரூத் மோவாபியப் பெண். இரண்டு பட்டியலும் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன. ஒன்றை வைத்து மற்றதை அழித்துவிட முடியாது, ஒன்றை மட்டும் வாசித்துவிட்டு எழுந்துவிடவும் கூடாது. அந்த அம்மாவிடம் நான் சொன்னது, மருமகள் முன்னால் வாசிக்கத்தான் வேண்டும் என்றால் பெயர்களோடு நிறுத்தாமல் 44-ஆம் வசனத்தையும் வாசியுங்கள் என்பதுதான். அந்த மனைவிகளில் சிலருக்குப் பிள்ளைகளும் இருந்தார்கள் என்று அது சொல்கிறது. எஸ்றாவின் புத்தகத்தில் அதுதான் கடைசி வசனம்.